பட்டம் பெற்றும் நிலை பெறாத விஞ்ஞானிகள்

நமது தேசத்தில் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்வோரின் தொகை 2014-15-ம் வருஷத்தில் 1.17 லக்ஷமாக இருந்தது. 2021-22-ல் அது 2.12 லக்ஷமாக உயர்ந்தது. இந்திய சர்க்காரின் உயர்கல்விக் கணக்கே இதைச் சொல்லுகிறது. இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். ஏழே வருஷங்களில் நூற்றுக்கு எண்பது வீதம் பெருக்கம்! தேசாபிமானமுள்ள எவரும் மகிழத்தக்க செய்திதான் இது. ஆனால் மகிழ்ச்சி சற்று அடங்கியவுடன் ஒரு கேள்வி எழுகிறது. ஐந்தாறு வருஷம் உழைத்துப் பட்டம் பெற்று வெளியே வரும் இந்த யுவர்களும் யுவதிகளும் மறுநாள் காலையில் எங்கே போவார்கள்? இக் கேள்விக்கு உயர்கல்விக் கணக்கில் விடையில்லை. சர்க்காரிடத்திலும் தெளிவான விடையில்லை.

பட்டத்துக்கும் நிரந்தர உத்தியோகத்துக்கும் இடையே ஒரு கட்டம் இருக்கிறது. மேனாட்டார் அதற்குப் ‘போஸ்ட்-டாக்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். பட்டம் பெற்றவர் வேறொரு சோதனைச்சாலைக்குச் சென்று, அனுபவமிக்க ஓர் ஆசிரியரின்கீழ் இரண்டு மூன்று வருஷம் புதிய வித்தையைப் பயின்று, பிறகு தாமே ஆராய்ச்சியை நடத்தும் தகுதியைப் பெறுவார் என்பது இதன் கருத்து. கருத்தில் குற்றமில்லை. 1928-ல் ராமன் தமது பெயர் பெற்ற ஒளிச்சிதறலைக் கண்டபோது, அவருடைய சோதனைச்சாலையில் இளம் ஆராய்ச்சியாளராக உடனுழைத்தவர் வற்றிராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். பின்னாளில் தேசியப் பௌதிகச் சோதனைச்சாலையின் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. மாணவ நிலையிலிருந்து தலைமை நிலைக்கு அழைத்துச் செல்லும் பாலமாக அக் கட்டம் இருந்தது. இன்றோ பாலத்தின் இக்கரை மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. அக்கரையைக் காணோம். இடையிலே நிற்பவர்களின் கூட்டம் நாளுக்கு நாள் பெருகி வருகிறது.

எழுபத்தைந்து ரூபாய் புகட்டும் பாடம்

விஞ்ஞானம் என்றவுடன் ராமானுஜன் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது நமது வழக்கம். அப் பெருமையில் அடங்கியுள்ள கணக்கு ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். 1912-ல் ராமானுஜன் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தார். 1913-ல் சென்னை சர்வகலாசாலை அவருக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. பட்டமில்லாத ஒருவருக்கு, அந்நிய ஆட்சிக் காலத்தில், அவர் குமாஸ்தாவாகப் பெற்றதைப்போல் இரண்டரை மடங்கு கொடுக்கப்பட்டது. வயிற்றுக் கவலை நீங்கினாலன்றி மூளை வேலை செய்யாது என்ற உண்மையை அன்றைய சர்வகலாசாலை அறிந்திருந்தது. கேம்பிரிட்ஜின் அழைப்பும் பிறகு வந்த கீர்த்தியும் உலகறிந்தவை. ஆயினும் முதலில் அவருக்கு முழு நேர ஆராய்ச்சியாளராக வாழ வழி செய்தது அந்த 75 ரூபாய்தான்.

ராமனோ 1907 முதல் நிதி இலாகாவில் அதிகாரியாக இருந்துகொண்டு, காரியாலய நேரம் போக மிஞ்சிய பொழுதில் கல்கத்தாவில் மஹேந்திரலால் ஸர்க்கார் 1876-ல் நிறுவிய விஞ்ஞானச் சங்கத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917-ல் அந்த உயர்ந்த உத்தியோகத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குச் சர்வகலாசாலை ஆசிரியரானார். இதை எடுத்துக் காட்டி, “உண்மையான ஆராய்ச்சியாளன் பணத்தைப் பாரான்” என்று உபதேசம் செய்வோர் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: ராமன் குறைந்த சம்பளத்தை ஏற்றார்; ஆனால் நிலையற்ற உத்தியோகத்தை ஏற்கவில்லை. அவருக்குக் கிடைத்தது நிரந்தரமான ஆசிரியர் பீடம். ஒருவரது தியாகத்தைக் காட்டி ஆயிரம் பேரைப் பட்டினிக்கு அழைப்பது தர்மமாகாது.

இன்றைய நிலை

இன்றைய கணக்கைப் பார்ப்போம். டாக்டர் பட்டம் பெற்று ஆராய்ச்சித் துணைவராகச் சேருவோருக்கு இந்திய சர்க்கார் 2023 ஜனவரி முதல் மாதம் 58,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. அநுபவத்துக்குத் தக்கபடி அது 61,000 அல்லது 67,000 ஆகும். வீட்டு வாடகைப் படி தனி. 58,000 ரூபாய் அற்பமா என்று சிலர் கேட்கலாம். மத்திய சர்வகலாசாலையில் உதவிப் பேராசிரியராகச் சேருபவரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் உதவிப் பேராசிரியருக்கு அதன்மேல் பஞ்சப்படி உண்டு, வருஷாந்தர உயர்வு உண்டு, ஓய்வுக்கால ஏற்பாடு உண்டு. ஆராய்ச்சித் துணைவருக்குப் பஞ்சப்படியும் இல்லை, ஓய்வுக்கால ஏற்பாடும் இல்லை. விலைவாசி ஏறினால் அவர் கோஷமிட்ட பிறகே சம்பளம் ஏறும். இளம் ஆராய்ச்சியாளரின் உபகாரச் சம்பளம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆக 2019-ல் உயர்ந்ததற்குமுன் அவர்கள் வீதியில் இறங்க நேர்ந்ததைத் தேசம் மறக்கலாகாது.

நிர்ணயித்த தொகையேனும் மாதந்தோறும் வருகிறதா? 2024, 2025 வருஷங்களில் ‘இன்ஸ்பயர்’ உபகாரச் சம்பளம் பெறுவோர் பலர் மாதக்கணக்கில் பணம் வராமல் திண்டாடினர். தேர்வில் தலைசிறந்து நின்றவர்கள் என்று சர்க்காரே பொறுக்கியெடுத்தவர்கள் கடன் வாங்கி வாடகை கொடுத்தார்கள். காரியாலயச் சிப்பந்தி ஒருவரின் சம்பளம் மூன்று மாதம் நின்றால் இலாகாவே அதிரும். ஆராய்ச்சியாளரின் சம்பளம் நின்றால் விளக்கக் கடிதம் வருகிறது!

உத்தியோகம் தேடும் வகையையும் சிறிது கவனிக்க வேண்டும். காலி ஸ்தானங்களை ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் தன் பலகையில் தனித்தனியே வெளியிடுகிறது. அவகாசமோ பல சமயம் இரண்டு வாரம். நேர்முகத் தேர்வுக்கு வருவோருக்குப் பிரயாணச் செலவு தரப்பட மாட்டாது என்ற வாசகம் விளம்பரங்களில் வாடிக்கையாகிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து புவனேசுவரத்துக்கு ஒருவர் தம் செலவில் ரயிலேறிப் போய், அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். இதைத் தவிர, விளம்பரமே இல்லாத வழி ஒன்றும் உண்டு. பேராசிரியர்களுக்கு நேரே கடிதம் எழுதி, தமது ஆசிரியரின் சிபார்சைக் கொண்டு இடம் பெறுவது அது. பெரிய ஸ்தாபனத்தில் பயின்றவரின் ஆசிரியரை உலகம் அறியும். அவருடைய ஒரு வரி கதவைத் திறக்கும். மாவட்டக் கல்லூரியில் பயின்ற உழவர் மகளின் ஆசிரியரை யார் அறிவார்? தகுதி சமமாயிருந்தும் வாய்ப்பு சமமாக இல்லை. சிபார்சு ஆளும் இடத்தில் பிறப்பும் ஊரும் மறைவாக ஆட்சி செய்யும் என்பதை நமது தேசத்தின் சரித்திரம் அறிந்தவர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

வயது வரம்பு மற்றொரு முள். தேசிய போஸ்ட்-டாக் உபகாரச் சம்பளத்துக்கு 35 வயது எல்லை. பெண்களுக்கும் ஒதுக்கப்பட்ட வகுப்பினருக்கும் ஐந்து வருஷ சலுகை. கிடைப்பதோ இரண்டே வருஷம். முப்பது வயதில் பட்டம் பெற்று, விவாகமும் மகப்பேறும் இடையிட்டு, மீண்டும் சோதனைச்சாலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு இந்த எல்லை எத்தனை குறுகியது! பட்டத்துக்குப் பாடுபடுவோரில் பாதிப் பேர் பெண்கள் என்று பெருமைப்படுகிறோம். நாற்பது வயதில் நிரந்தரப் பதவியில் இருப்போரில் எத்தனை பேர் பெண்கள் என்று எண்ணிப் பார்க்கத் துணிவோமா?

புள்ளிவிவரம் படித்தவர்களின் விஷயம்

“இது புள்ளிவிவர யுகம். கணிதமும் கணிப்பொறியும் அறிந்த விஞ்ஞானிக்கு வேலைக்கு என்ன பஞ்சம்? கம்பெனிகள் இருகை நீட்டி அழைக்கின்றனவே!” என்று ஒரு வாதம் கேட்கிறது. இதில் பாதி உண்மை இருக்கிறது. நக்ஷத்திரங்களின் ஒளியை அளக்கப் பயின்றவர் வங்கியின் கடன் கணக்கை அளக்கவும் வல்லவரே. அப்படிச் சென்றவர்கள் பலர், நன்றாக வாழ்கிறார்கள், அவர்களை நாம் குறைகூறவில்லை. ஆனால் தேசத்தின் கேள்வி வேறு. நக்ஷத்திரத்தை அளக்க யார் மிஞ்சுவார்கள்?

உதாரணங்கள் பல. பதினாயிரம் இந்தியரின் மரபணுத் தொகுதிகளைப் படித்தெடுத்த ‘ஜீனோம் இந்தியா’ முயற்சியின் தகவல்கள் பரீதாபாத் நிலையத்தில் சேர்க்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. சூரியனை நோக்க 2023 செப்டம்பரில் ஆதித்யா-எல்1 ஏவப்பட்டது. ஈர்ப்பு அலைகளை அறிய மஹாராஷ்டிரத்தில் ஹிங்கோலி ஜில்லாவில் ‘லைகோ-இந்தியா’ அமைக்க 2023-ல் சுமார் 2,600 கோடி ரூபாய் அநுமதிக்கப்பட்டது. வானிலை ஆராய்ச்சியை வளர்க்க 2024-ல் 2,000 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. இவை யாவும் மலைமலையாக எண்களைக் குவிக்கும். எண் தானாகப் பேசாது. அதைப் பேச வைக்கப் பயிற்சி பெற்ற மனிதன் வேண்டும். இயந்திரத்துக்குப் பத்து வருஷத் திட்டம் போடுகிறோம்; அதன் எண்களை வாசிப்பவருக்கு இரண்டு வருஷத் தவணை கொடுக்கிறோம். அவர் அந்த இயந்திரத்தின் நெளிவு சுளிவுகளை அறிந்துகொண்ட தருணத்தில் தவணை முடிகிறது. அவர் பெங்களூரில் ஒரு கம்பெனிக்குப் போகிறார். அடுத்தவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார். இது சிக்கனமா, வீண்செலவா?

இத் துறையில் இந்தியா யாருக்கும் பின்தங்கியதல்ல. 1931-ல் மஹலானவிஸ் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிவர ஸ்தாபனத்தை நிறுவினார். 1941-ல், வேறு உத்தியோகம் தேடிக் கல்கத்தாவுக்கு வந்திருந்த சி. ஆர். ராவ் என்ற இருபது வயது இளைஞர் அங்கே சேர்ந்தார். எண்பது வருஷங்களுக்குப் பின்னரும் உலகம் முழுவதும் புள்ளிவிவர மாணவர்கள் அவர் பெயர் தாங்கிய சூத்திரங்களைக் கற்கிறார்கள். 2023-ல் சர்வதேசப் புள்ளிவிவரப் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. வேலை தேடி அலைந்த ஓர் இளைஞருக்குத் தக்க சமயத்தில் ஒரு கதவு திறந்ததால் விளைந்த பயன் இது. அந்த ஸ்தாபனத்தின் அமைப்பையே மாற்றும் மசோதாவை 2025-ல் சர்க்கார் வெளியிட்டபோது, தங்கள் சுயாதீனம் பறிபோகும் என்று அங்குள்ள ஆசிரியரும் மாணவரும் எதிர்த்தார்கள். அவர்கள் அச்சத்தை அலட்சியம் செய்வது விவேகமன்று. சுதந்திரமாக எண்ணுகிறவர்கள் இல்லாத தேசம் தன் வறுமையையும் சரியாக எண்ண முடியாது.

கடல் கடந்தால் கரை சேரலாமா?

இத்தனை காலமும் நமது யுவர்களுக்கு ஒரு மாற்று வழி இருந்தது. அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ கப்பலேறுவதுபோல் விமானமேறிப் போய்விடுவது. அவ்வழியும் இப்போது கரடுமுரடாகி வருகிறது. 2025-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சி மானியங்கள் பல நடுவழியில் ரத்துச் செய்யப்பட்டன. தேசிய விஞ்ஞான ஸ்தாபனத்தின் பணத்தைப் பாதிக்கு மேல் குறைக்க அந்நாட்டு ஜனாதிபதியின் பட்ஜெட் யோசனை கூறியது. அவ் வருஷம் செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து நிபுணர்களைப் புதிதாக அழைக்கும் எச்-1பி விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லக்ஷம் டாலர் கட்ட வேண்டும் என்று பிரகடனம் வெளியாயிற்று. ஒரு சோதனைச்சாலை தன் போஸ்ட்-டாக்கின் ஒரு வருஷச் சம்பளத்தைவிட அதிகமான தொகையை அநுமதிச் சீட்டுக்காகக் கொடுக்குமா?

மேனாட்டிலும் இந்த உத்தியோகம் சொர்க்கமல்ல. 2022 நவம்பரில் காலிபோர்னியா சர்வகலாசாலையில் போஸ்ட்-டாக்குகள் உள்ளிட்ட சுமார் 48,000 கல்வித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தே சம்பள உயர்வு பெற்றார்கள். ஜெர்மனியில் பட்டத்துக்கு முன் ஆறு வருஷம், பின் ஆறு வருஷம் என்று தற்காலிக உத்தியோகத்துக்குச் சட்டம் எல்லை வகுத்தது. அந்த எல்லை முடிந்தும் நிரந்தர இடம் கிடைக்காதவர்கள் 2021-ல் ‘நானும் ஹன்னாதான்’ என்று எழுப்பிய குரல் அந்நாட்டு மந்திரிகளைக் கலக்கியது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அமெரிக்கா தளர்வதைக் கண்ட ஐரோப்பிய யூனியன், 2025 மே மாதமே விஞ்ஞானிகளைத் தன் பக்கம் இழுக்க மூன்று வருஷத்துக்கு 50 கோடி யூரோ ஒதுக்கியது. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் பந்தி விரிக்கிறார்கள். நாமோ நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இலை போட யோசிக்கிறோம்.

பணமில்லையா, மனமில்லையா?

2020-21-ல் தேசத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 0.64 பங்கே ஆராய்ச்சிக்குச் செலவாயிற்று. சீனா சுமார் 2.4, அமெரிக்கா சுமார் 3.5, தென் கொரியா சுமார் 4.8. நமது கணக்கில் தனியார் முதலாளிகளின் பங்கு மூன்றில் ஒன்றைச் சிறிது தாண்டியதே. இக் குறையை நீக்கவென்று 2023-ல் சட்டமியற்றி, தேசிய ஆராய்ச்சி ஸ்தாபனம் தோற்றுவிக்கப்பட்டது. ஐந்து வருஷத்தில் 50,000 கோடி ரூபாய் என்று பறை சாற்றினார்கள். அதில் சர்க்காரின் பணம் 14,000 கோடி மட்டுமே. மற்றது தனியாரிடமிருந்து வரும் என்ற நம்பிக்கை. மறுபுறம், 2025 ஜூலையில் தனியார் ஆராய்ச்சியை ஊக்க ஒரு லக்ஷம் கோடி ரூபாயில் வட்டி குறைந்த அல்லது வட்டியில்லாக் கடன் திட்டத்தை மந்திரிசபை ஏற்றது. கம்பெனிக்கு லக்ஷம் கோடி கடன் கொடுக்கும் கருவூலம், ஆராய்ச்சியாளரின் மாதச் சம்பளத்தை மாதத்தில் கொடுக்கச் சக்தியற்றதென்று நம்புவது எப்படி?

இடமில்லை என்பதும் உண்மையன்று. 2025 ஆரம்பத்தில் மத்திய சர்வகலாசாலைகளில் அநுமதிக்கப்பட்ட பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர் ஸ்தானங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காலியாயிருந்தன. பந்தியில் இலைகள் காலி. வாசலில் பசித்தவர் கூட்டம். இதற்குப் பெயர் பஞ்சமல்ல, நிர்வாகக் கோளாறு.

தில்லியை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் வீடு திரும்ப முடியாது. ராமானுஜனுக்கு 75 ரூபாய் அளித்த அதே சென்னை சர்வகலாசாலை 2023 ஆகஸ்டில் துணைவேந்தரை இழந்து, கவர்னருக்கும் மாகாண சர்க்காருக்கும் நடந்த பூசலிடையே நெடுங்காலம் தலையின்றி இருந்தது. 2024-ல் அதன் வங்கிக் கணக்குகளை வருமான வரி இலாகா முடக்கியது. நமது சர்க்கார் கலாசாலைகளில் டாக்டர் பட்டம் பெற்ற கௌரவ விரிவுரையாளர்கள் மாதம் 25,000 ரூபாய்க்குப் பாடம் நடத்தினார்கள், யு.ஜி.ஸி.யோ 2019-லேயே மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று கூறிவிட்டது. கௌரவம் பெயரில் இருக்கிறது, சம்பளத்தில் இல்லை.

செய்ய வேண்டியவை

நமது கோரிக்கைகள் எளியவை. முதலாவது, உபகாரச் சம்பளம் மாத முதல் வாரத்தில் சேர வேண்டும். தாமதத்துக்கு இலாகா வட்டி கொடுக்க வேண்டும். வட்டி கட்ட நேர்ந்தால் காகிதங்கள் வேகமாக நகரும். இரண்டாவது, தேசத்தின் எல்லா ஆராய்ச்சி ஸ்தானங்களும் ஒரே பொது ஏட்டில் வெளியாக வேண்டும். ஸ்தானம், சம்பளம், தவணை, தேர்வு முறை யாவும் அதில் விளங்க வேண்டும். மத்திய சர்வகலாசாலை ஆசிரியர் ஸ்தானங்களுக்கு யு.ஜி.ஸி. 2023-ல் இத்தகைய பொது வாயிலை அமைத்தது. ஐரோப்பாவில் ஆராய்ச்சி ஸ்தானங்களுக்கே ‘யூராக்ஸெஸ்’ இருக்கிறது. எனவே இயலாது என்ற பேச்சுக்கு இடமில்லை. மூன்றாவது, பட்டம் பெற்ற வருஷத்திலிருந்து காலத்தைக் கணக்கிட்டு, வயது எல்லையை அகற்ற வேண்டும். மகப்பேற்றுக் காலத்தைக் கழிக்க வேண்டும். நான்காவது, பெரிய விஞ்ஞானத் திட்டம் ஒவ்வொன்றிலும், தகவல்களை ஆராய்வோருக்கு நிரந்தர உத்தியோகங்கள் ஏற்பட வேண்டும். பேராசிரியர் ஆகாமலே ஒருவர் விஞ்ஞானியாக வாழ வழி வேண்டும். ஐந்தாவது, காலி ஸ்தானங்களைக் குறித்த தவணைக்குள் நிரப்பி, அதில் சமூகநீதி ஒதுக்கீட்டைப் பிசகாமல் காக்க வேண்டும்.

இவை கேட்காமல் கிடைக்கா. ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியே கடிதமெழுதிக் காத்திருப்பதை விட்டுச் சங்கமாகச் சேர வேண்டும். தம்மைத் தொழிலாளர் என்று சொல்லிக்கொள்ள அவர்கள் வெட்கப்படுவதே நிர்வாகங்களுக்குப் பெரிய பலம். அரசியல் ஊழியர்களும் இதைப் படித்தவர் விவகாரம் என்று ஒதுக்கலாகாது. அடுத்த கொள்ளை நோய்க்கு மருந்து காண்பவரும், புயலின் வழியை முன்கூட்டிச் சொல்பவரும், விதைநெல்லின் குணத்தை ஆராய்பவரும் இவர்களே. வோட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், ‘சோதனைச்சாலைக் கட்டடத்தைத் திறந்து வைத்தீர், உள்ளே வேலை செய்பவனுக்கு என்ன செய்தீர்?’ என்று கேளுங்கள்.

சுயராஜ்யம் அடைந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்நியன் ஆண்ட நாளில் ஒரு குமாஸ்தாவின் மேதையைக் கண்டு ஒரு சர்வகலாசாலை எழுபத்தைந்து ரூபாய் கொடுத்தது. சுதந்திர இந்தியா தன் இரண்டு லக்ஷம் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் ஒரு நிச்சயமான நாளையைக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. இதைத் தானமாக நாம் கேட்கவில்லை, கடனாகவே கேட்கிறோம். கடனைத் திருப்பிக் கொடுக்கத் தவறும் சர்க்காருக்குத் தேசத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச யோக்கியதை கிடையாது.